துரு சொல்லும் சரித்திரம்

உலகத்தில் மனிதர்கள் எதையெதையோ சேகரிக்கிறார்கள். தபால் தலை சேகரிப்பவர் உண்டு. பழங்காசு சேகரிப்பவர் உண்டு. நெருப்புப் பெட்டியின் மேல் ஒட்டிய படங்களை உரித்தெடுத்து நோட்டுப் புத்தகத்தில் அடுக்கி வைப்பவரும் உண்டு. இவர்களையெல்லாம் நாம் புன்னகையுடன் பொறுத்துக் கொள்கிறோம். ஆனால் ஒருவர் தம் வீட்டுக் கூடத்துச் சுவரில் நூற்றைம்பது வருஷத்துப் பழைய துப்பாக்கிகளை வரிசையாக மாட்டி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி மகிழ்கிறார் என்றால் நமக்குச் சற்றுத் திகைப்பாகத்தான் இருக்கும். உயிரை வாங்கும் கருவியில் ஆசை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்த ஆசை கொண்டவர்கள் அநேகர். அவர்களிலும் ஒரு சாரார் 'லீவர் துப்பாக்கி' என்ற ஒரே இனத்தை மட்டும் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அவர்களுடைய பித்தை ஆராயப் புகுந்த நமக்கு, துப்பாக்கியைக் காட்டிலும் சரித்திரத்தைப் பற்றித்தான் அதிகமாகத் தெரிய வந்தது. பழைய பொருளை எப்படிக் காப்பாற்ற வேண்டும், எப்படிக் காப்பாற்றக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

சட்டை வியாபாரியின் துப்பாக்கி

துப்பாக்கியின் பழைய சுபாவம் நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். குழலின் வாய் வழியே மருந்தைப் போட்டு, குண்டை இட்டு, கோலால் கெட்டித்து ஒரு முறை சுட வேண்டும். சுட்ட பிறகு மறுபடியும் அதே பாடு. தேர்ந்த சிப்பாய்கூட ஒரு நிமிஷத்தில் மூன்று முறை சுட்டால் பெரிது.

லீவர் துப்பாக்கியில் இந்தத் தொல்லை இல்லை. விசைக்கு அடியில், விரல்களை நுழைத்துக் கொள்ளத்தக்க வளையத்துடன் ஒரு நெம்புகோல் இருக்கிறது. குழலுக்குக் கீழே இன்னொரு குழாய். அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ரயில் வண்டித் தொடர் போலப் படுத்திருக்கும். ஒரு சுருள்வில் அவற்றைப் பின்னோக்கித் தள்ளிக் கொண்டேயிருக்கும். நெம்புகோலைக் கீழே தள்ளினால், வெடித்து முடிந்த தோட்டாவின் கூடு வெளியே தெறித்து விழும். குதிரை பின்னுக்கு மடங்கும். புதுத் தோட்டா மேலே எழும்பும். நெம்புகோலைத் திரும்ப இழுத்தால் அந்தத் தோட்டா குழலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். இவ்வளவும் கையை ஒரு தடவை நீட்டி மடக்குகிற நேரத்தில் நடந்து விடுகின்றன.

இதைப் பிரபலமாக்கிய ஆலிவர் வின்செஸ்டர் கொல்லருமல்ல, படைவீரருமல்ல. கனெக்டிகட் மாகாணத்திலுள்ள நியூ ஹேவன் நகரில் சட்டை தைத்து விற்று வந்தவர். நஷ்டத்தில் மூழ்கிய ஒரு துப்பாக்கிக் கம்பெனியில் அவர் பணம் போட்டிருந்தார். போட்ட பணத்தைக் காப்பாற்ற அந்தத் தொழிலையே 1857-ல் தம் கைக்குக் கொண்டு வந்தார். அவரிடம் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி என்ற கைதேர்ந்த தொழிலாளி, 1860-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி பதிவு செய்து கொண்ட உரிமைதான் 'ஹென்றி துப்பாக்கி'. ஒரு தடவை நிரப்பினால் பதினாறு முறை சுடலாம். ஞாயிற்றுக்கிழமை நிரப்பி வாரம் முழுவதும் சுடுகிற துப்பாக்கி என்று உள்நாட்டு யுத்தத்தில் எதிர்த் தரப்புச் சிப்பாய்கள் வயிறெரிந்து சொன்னார்களாம். 1866 வரையில் சுமார் 14,000 ஹென்றிகளே தயாராயின. அவற்றில் ஆறாம் நம்பர் துப்பாக்கி, பொன் வேலைப்பாட்டுடன் ஜனாதிபதி ஆப்ரகாம் லிங்கனுக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் அதை இன்றும் காணலாம்.

ஹென்றிக்குப் பின் 1866-ம் வருஷத்து மாடல் வந்தது. இரண்டுக்கும் நடு உடல் பித்தளை நிறமுள்ள உலோகந்தான். ஆயினும் பழகிய கண் ஒரே பார்வையில் பிரித்து விடும். ஹென்றியில் தோட்டாக்களைக் குழாயின் முன் நுனி வழியாகப் போட வேண்டும். குழலுக்கு அடியில் கைபிடிக்க மரமும் கிடையாது. 1866-ல் நெல்சன் கிங் என்பவர் உடலின் வலப்பக்கத்தில் ஒரு சிறு கதவை வைத்து, அதன் வழியே தோட்டாவைப் போடச் செய்தார். முன்புறத்தில் மரப்பிடியும் வந்தது. பளபளவென்ற அதன் நிறத்துக்காக ஜனங்கள் அதற்கு 'மஞ்சள் பையன்' என்று செல்லப் பெயரிட்டார்கள்.

1873-ம் வருஷத்து மாடலில் பித்தளை போய் இரும்பு வந்தது. எல்லாவற்றிலும் பிரசித்தி பெற்றது இதுதான்; 7 லட்சத்துக்கு மேல் தயாராயின. அப்புறம் யூடா பிரதேசத்து மேதையான ஜான் பிரவுனிங், 1886, 1892, 1894, 1895 ஆகிய மாடல்களை வரிசையாக வகுத்துக் கொடுத்தார். இவற்றில் 1894-ம் மாடல் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் விற்றது. மார்லின், சாவேஜ் முதலிய போட்டிக் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. சேகரிப்போருக்குப் பஞ்சமில்லாத வேட்டை!

புளி போட்டுத் துலக்கலாமா?

நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பித்தளை என்றாலே புளி நினைவுக்கு வந்துவிடும். மங்கின குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிச் சூரியனைப் போல ஜொலிக்க வைப்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. விளக்குக்கு அது சரி. நிலத்தை உழும்போது அகப்பட்ட பழங்காசுக்கு அதே மரியாதையைச் செய்து, அரசன் பெயரையும் முத்திரையையும் சேர்த்தே தேய்த்து எடுத்து விட்டவர்கள் எத்தனை பேர்!

லீவர் துப்பாக்கிகளுக்கும் ஒரு காலத்தில் இந்தக் கதி நேர்ந்தது. துரு ஏறிய 'மஞ்சள் பையன்' ஒன்று கிடைத்தால், வாங்கியவர் முதல் வேலையாக அதைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்ப்பார். இரும்புப் பாகங்களுக்குப் புதிதாக நீல மெருகு ஏற்றுவார். மரத்தைச் சுரண்டி வார்னிஷ் பூசுவார். துப்பாக்கி மாப்பிள்ளைக் கோலம் பூண்டு நிற்கும். விஷயம் தெரிந்தவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்து விடுவார்.

ஏன்? தேய்த்தால் எழுத்துக்களின் கூர்மை மழுங்கும். குழலின் மேல் பொறித்த கம்பெனிப் பெயர், அடியில் வெட்டிய வரிசை நம்பர் எல்லாம் அரைகுறையாகிவிடும். விளிம்புகள் உருண்டு போகும். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று. மேற்குப் பிரதேசத்தில் மாடு மேய்த்தவன் துப்பாக்கியைச் சேணத்தின் மேல் குறுக்காக வைத்துக் கொண்டு வருஷக் கணக்காகச் சவாரி செய்திருப்பான். சேணம் உராய்ந்த இடத்தில் மரம் தேய்ந்திருக்கும். கை பிடித்த இடத்தில் நீல மெருகு போய்ப் பழுப்பேறியிருக்கும். அந்தத் துப்பாக்கி யாருடையது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. ஆனால் அது எப்படி வாழ்ந்தது என்பது அந்தத் தேய்மானத்தில்தான் எழுதியிருக்கிறது. மெருகு ஏற்றுகிறவர் அந்த ஏட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, வெறும் அட்டைக்குப் பொன்முலாம் பூசுகிறார். ஆகவேதான், தொடாத பழந்துப்பாக்கிக்குக் கிடைக்கும் விலையில் ஒரு பங்குகூடப் புது மெருகு ஏறியதற்குக் கிடைப்பதில்லை.

மரத்தடியில் ஒரு சாட்சி

நெவாடா மாகாணத்தில் 'கிரேட் பேஸின்' என்ற தேசீயப் பூங்கா இருக்கிறது. மலையும் பாலையுமான பிரதேசம். 2014-ம் வருஷம் நவம்பர் 6-ந் தேதி, பழம்பொருள் ஆராய்ச்சிக்காகச் சென்ற பூங்கா ஊழியர்கள், ஜூனிப்பர் மரமொன்றின் மேல் சாய்த்து வைத்திருந்த ஒரு துப்பாக்கியைக் கண்டார்கள். நேற்று யாரோ சாய்த்து வைத்துவிட்டு, இதோ வந்து விடுகிறேன் என்று போனது போலிருந்தது. ஆனால் அதன் அடிக்கட்டை சில அங்குலம் மண்ணில் புதைந்திருந்தது. மரம் வெயிலிலும் பனியிலும் வெடித்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. குழல் முழுவதும் துரு. அடிமரத்தின் நிறத்தோடு நிறமாகக் கலந்துவிட்டபடியால்தான் அத்தனை காலம் ஒருவர் கண்ணிலும் படாமல் நின்றது.

அது 1873-ம் மாடல் வின்செஸ்டர். அடியிலிருந்த வரிசை நம்பரைக் கொண்டு, வயோமிங் மாகாணத்துக் கோடி நகரிலுள்ள காட்சிசாலையின் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். 1882-ம் வருஷம் தயாராகித் தொழிற்சாலையிலிருந்து அனுப்பப்பட்டது என்று தெரிந்தது. முதலில் 50 டாலருக்கு விற்ற அந்த மாடல் 1882-ல் 25 டாலருக்கு இறங்கியிருந்தது. சாமானிய ஜனங்கள் வாங்கத்தக்க பொருளாகிவிட்ட காலம்.

அந்தத் துப்பாக்கியைக் கோடி நகரத்துக்கு அனுப்பி, மனிதர்களுக்கு எடுப்பது போல எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். குழலில் தோட்டா இல்லை. ஆனால் அடிக்கட்டைக்குள், துடைக்கும் கோலை வைப்பதற்காக அமைத்த பொந்தில் ஒரே ஒரு தோட்டா ஒளிந்திருந்தது! அதன் அடியிலிருந்த முத்திரையைப் பார்த்து, 1887-க்கும் 1911-க்கும் இடையில் செய்யப்பட்டது என்று கணக்கிட்டார்கள். ஆகவே 1887-க்குப் பிறகுதான் யாரோ அதை அங்கே சாய்த்து வைத்திருக்க வேண்டும். யார், ஏன், திரும்பி வராமல் எங்கே போனார் என்பவை இன்றும் புதிர்.

இனி நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. நிபுணர்கள் அந்தத் துப்பாக்கிக்குப் புது மெருகு ஏற்றவில்லை. வெடித்த மரத்தை மாற்றவில்லை. மரமும் துருவும் மேலும் உதிராதபடி தடுத்து நிறுத்தியதோடு சரி. வெடிப்பும் சாம்பல் நிறமும் மாறாமல் அது பூங்காவுக்குத் திரும்பி வந்தது. அவற்றைப் போக்கியிருந்தால், 7 லட்சத்தில் ஒன்றாகியிருக்கும். போக்காததனால், உலகத்தில் அதைப் போல வேறொன்றில்லை.

பேரேடும் போலியும்

மேலே சொன்ன பேரேடு சேகரிப்போருக்கு வேதம் மாதிரி. வின்செஸ்டர் கம்பெனி, தயாரித்த துப்பாக்கிகளை நம்பர் வாரியாகக் குறித்து வைத்திருந்தது. குழல் உருண்டையா, எட்டுப்பட்டையா, எவ்வளவு நீளம், எந்த மாதிரி விசை, என்றைக்கு வெளியே போயிற்று என்றெல்லாம் அதில் கண்டிருக்கும். எல்லா மாடல்களுக்கும் எல்லா வருஷங்களுக்கும் அது மிஞ்சவில்லை. 1866-ம் மாடலின் முற்பகுதிக் கணக்கே கிடையாது. மிஞ்சியவை கோடி காட்சிசாலையில் இருக்கின்றன. துப்பாக்கியின் நம்பரைச் சொல்லிக் கட்டணம் கட்டினால் ஏட்டிலுள்ளதை எழுதி அனுப்புவார்கள்.

இந்தக் கடிதத்தின் அருமை போலிகளைப் பற்றித் தெரிந்தால்தான் விளங்கும். 1875-ல் கம்பெனி ஒரு புது விளம்பரம் செய்தது. சோதித்துப் பார்க்கும்போது குறி தவறாமல் சுடும் குழல்களைத் தனியே பொறுக்கி, விசேஷ வேலைப்பாட்டுடன் அமைத்து, 'ஆயிரத்தில் ஒன்று' என்று குழலின் மேல் பொறித்து 100 டாலருக்கு விற்றது. 1873-ம் மாடலில் இத்தகையவை சுமார் 130-தான் வெளிவந்தன. 1950-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த 'வின்செஸ்டர் 73' என்ற படம் தயாரானபோது, படக் கம்பெனியார் 'ஆயிரத்தில் ஒன்று' யாரிடமாவது இருக்கிறதா என்று தேசமெங்கும் விளம்பரம் செய்தார்கள். அதுவரை வெளியுலகம் அறியாத பல, வீடுகளின் மூலை முடுக்குகளிலிருந்து வெளிப்பட்டன.

கேட்க வேண்டுமா? விலை ஏறியதும், அந்த வார்த்தைகளைப் பொறிக்கத் தெரிந்த எந்தக் கம்மியனும் சாதாரணத் துப்பாக்கியை 'ஆயிரத்தில் ஒன்று' ஆக்கிவிடலாம் அல்லவா? ஆனால் உலோகத்தின் மேல் பொய் எழுதலாம். நூறு வருஷத்துக்கு முன் எழுதி முடித்த ஏட்டில் போய் எழுத முடியாது. நம்பரும் ஏடும் ஒத்தால் மெய். ஒவ்வாவிட்டால் எத்தனை அழகிருந்தும் பொய்.

யார் வென்ற மேற்கு?

'மேற்கை வென்ற துப்பாக்கி' என்று வின்செஸ்டர் கம்பெனி பிற்காலத்தில் பெருமையாக விளம்பரம் செய்து கொண்டது. இந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை விஷயம் மறைந்து கிடக்கிறது! வென்றதென்றால் யாரிடமிருந்து? அங்கே ஆளில்லாமல் கிடந்த பூமியா? வெள்ளையர் 'செவ்விந்தியர்' என்று பெயரிட்ட லகோட்டா, செயன், அப்பாச்சி முதலிய சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் அல்லவா அது? 1857-ல் நம் நாட்டில் நடந்ததை வெறும் 'சிப்பாய்க் கலகம்' என்று படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறைகள் நம்மிலும் உண்டு. வென்றவர் வைக்கும் பெயர் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

1876-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி, மொன்டானா பிரதேசத்தில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் ஒரு போர் நடந்தது. லகோட்டா, செயன் வீரர்களைத் தாக்கப் போன தளபதி கஸ்டரும், அவரோடு நேரே நின்ற சுமார் 210 சிப்பாய்களும் ஒருவர் மிச்சமின்றி மாண்டார்கள். அன்று சர்க்கார் சிப்பாய்களிடம் இருந்தவை ஒவ்வொரு முறையும் தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கிகள். ஹென்றிகளும் வின்செஸ்டர்களும் எதிர்த் தரப்பு வீரர்கள் கையில் இருந்தன!

இதற்கு வாய்வழிச் செய்தி மட்டுமல்ல, உலோகச் சான்றும் உண்டு. 1983-ல் அந்தப் புல்வெளி தீப்பற்றி எரிந்து தரை வெளிப்பட்டது. 1984-லும் 1985-லும் ஆராய்ச்சியாளர்கள் உலோகம் காட்டும் கருவிகளுடன் அங்குலம் அங்குலமாகத் தேடி, மண்ணிலிருந்த தோட்டாக் கூடுகளையும் குண்டுகளையும் எடுத்தார்கள். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசியும் தோட்டாவின் அடியில் தனக்கே உரிய வடுவைப் பதிக்கும். மனிதனின் கைரேகை போல. அந்த வடுக்களை ஒப்பிட்டு, இந்தத் துப்பாக்கி முதலில் இந்த மேட்டிலிருந்து சுட்டது, பிறகு அந்த மேட்டுக்கு நகர்ந்தது என்று போரின் போக்கையே வரைந்து காட்டினார்கள். சேகரிப்போரிடமிருந்த பழைய துப்பாக்கிகளையும் சுட்டுப் பார்த்து ஒப்பிட்டதில், சில பொருந்தவும் செய்தன. 'புதுப்பிக்கிறேன் பேர்வழி' என்று யாராவது அந்தத் துப்பாக்கிகளின் ஊசியை மாற்றியிருந்தால், ஒரு நூற்றாண்டுக்கு மேல் பத்திரமாக இருந்த சாட்சியம் ஒரு மாலைப் பொழுதில் அழிந்திருக்கும்.

அந்தச் சமூகத்தார் தங்கள் துப்பாக்கிகளை வைத்திருந்த விதமும் தனி. அடிக்கட்டையில் பித்தளை ஆணிகளை வரிசையாக அடித்துக் கோலம் போட்டார்கள். கட்டை முறிந்தால், ஈரமான பச்சைத் தோலைச் சுற்றித் தைத்து விடுவார்கள். உலரும்போது தோல் சுருங்கி இரும்புப் பூண் போல இறுகிக் கொள்ளும். பளபளப்பை நாடியவர் கண்ணுக்கு இவை கோலங்கெட்ட சாமான்கள். ஆணியைப் பிடுங்கித் துளையை அடைத்து, தோலை அறுத்து எறிந்து, புதுக் கட்டை போட்டால்தான் அவருக்குத் திருப்தி. ஆனால் விளம்பர வாக்கியத்தில் இடம் பெறாத ஜனங்கள் தங்கள் கையால் எழுதி வைத்த சாசனம் அந்த ஆணியும் தோலுந்தான். இன்று அவற்றின் அருமை தெரிந்து விட்டது. அதன் பயனாகப் பழைய கட்டைகளில் புது ஆணி அடித்து விற்கும் சாமர்த்தியசாலிகளும் தோன்றிவிட்டார்கள்!

விலை எதற்கு?

2016-ம் வருஷம் ஏப்ரல் மாதம், 1886-ம் மாடலின் முதல் நம்பர் துப்பாக்கி அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திச் சென்ற ஹென்றி லாட்டன் என்ற ராணுவ அதிகாரிக்கு, நண்பர் ஒருவர் கொடுத்த பரிசு அது. இருவர் பெயரும் அதன் மேல் பொறித்திருக்கின்றன. ஏலத்தொகை 12 லட்சத்து 65 ஆயிரம் டாலர். அவ்வளவு டாலரும் இரும்புக்கும் மரத்துக்கும் கொடுத்ததல்ல. நம்பருக்கும், பெயருக்கும், அவற்றின் பின்னேயுள்ள கதைக்கும் கொடுத்தது. அந்தக் கதைக்குக் கீர்த்தியைத் தந்ததோ, 1886-ல் சரணடைந்து, சொந்த மண்ணை மறுபடி காணாமலே 1909-ல் கைதியாக மாண்ட ஜெரோனிமோ. துரத்தியவரின் பரிசுக்கு, துரத்தப்பட்டவரின் பெயரால் விலை ஏறியது. சரித்திரத்தின் விநோதம் இது!

சட்டமும் இவற்றைத் தனியே பார்க்கிறது. 1968-ம் வருஷத்து அமெரிக்கச் சட்டப்படி, 1898-லோ அதற்கு முன்னரோ தயாரானவை பெரும்பாலும் 'பழம்பொருள்' என்று கருதப்படுகின்றன. ஒரே அச்சில் வார்த்தது போன்ற இரண்டு துப்பாக்கிகளில் 1898 டிசம்பரில் பிறந்தது பழம்பொருள். 1899 ஜனவரியில் பிறந்தது சாதாரண ஆயுதம். ஆனால் சட்டம் பழம்பொருள் என்று சொன்னதனால் அது சாதுவாகிவிடாது. கரிமருந்துக்கென்று செய்த பழைய உடலில் இந்தக் காலத்து வலுவான தோட்டாவைப் போட்டால் அது வெடித்துச் சுடுகிறவரையே பதம் பார்க்கும். ஆகையால் நல்ல சேகரிப்பாளர் எந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் உள்ளே தோட்டா இருப்பதாகவே பாவித்து முதலில் சோதித்துப் பார்ப்பார். எடுத்ததையெல்லாம் சுட்டுப் பார்க்கவும் துணிய மாட்டார்.

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் வின்செஸ்டர் இராது, இருக்கவும் வேண்டாம். ஆனால் பாட்டனார் கையெழுத்திட்ட பத்திரம், கரையான் அரித்த ஓலைக்கட்டு, களிம்பேறிய செப்புத் தகடு, மங்கிப் போன ஒரு படம் — இவற்றில் ஏதாவதொன்று பரண் மேல் இல்லாத வீடு அபூர்வம். அடுத்த பண்டிகைக்கு வீடு ஒழிக்கும்போது அவை கீழே இறங்கும். அப்போது புளியையும் உப்புத் தாளையும் எடுக்குமுன், அதில் எழுத்து இருக்கிறதா, எண் இருக்கிறதா, ஒட்டுப் போட்ட இடம் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குழந்தைகளையும் அருகில் அழைத்துக் காட்டுங்கள். தூசியை மெல்லிய துணியால் துடைப்பது போதும். மிச்சமுள்ள கறை நம் முன்னோர் விட்டுச் சென்ற கையெழுத்தாக இருக்கலாம்.